இலை போடும் முன் என்ன கேட்கிறோம்?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. கேட்க வாய்ப்பில்லாத பங்கு மக்களுக்காக இங்கே எழுத்து வடிவில் தருகிறோம்.)



நம் புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கத்தில் கோயில் திருவிழா எப்படி முடியும் என்று உங்களுக்குத் தெரியும். கொடியேற்றம், நவநாள், சப்பரம், திருவிழாத் திருப்பலி எல்லாம் நடக்கும். அதன்பிறகு அசனம். முந்தின இரவே கோயில் வளாகத்தில் கல் கூட்டி அடுப்பு போடுவார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். இளைஞர்கள் அண்டாவைத் தூக்கி வைப்பார்கள். விடிந்ததும் சோறு வேகும் வாசனை நாலு தெருவுக்கு வரும். பந்தி பந்தியாக ஊர் உட்கார்ந்து சாப்பிடும். நம் பிள்ளைகளுக்கு மறையுரை நினைவிருக்காது, அசனம் நினைவிருக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. அசனமும் ஒரு மறையுரைதான்.

இன்று அந்த அசனத்தின் சரித்திரத்தை உங்களோடு பேச விரும்புகிறேன். பஞ்சத்திலும் வெள்ளத்திலும் பசித்தவனுக்கு ஊர் எப்படிச் சோறு போட்டது என்ற சரித்திரம் அது. அதை ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு பார்ப்போம். பசித்து வந்தவன் முன்னால் இலை போடுவதற்கு முன்பு அவனிடம் நாம் என்ன கேட்கிறோம்? நீ யார் என்று கேட்கிறோமா? என்ன வேலை செய்வாய் என்று கேட்கிறோமா? எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்கிறோமா? அல்லது எதுவும் கேட்காமல், உட்காருங்கள் என்று சொல்கிறோமா?

முதலில் எருசலேமுக்குப் போவோம். திருத்தூதர் பணிகள் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். திருச்சபையில் எழுந்த முதல் பெரிய மனத்தாங்கல் எதைப் பற்றியது? சாப்பாட்டைப் பற்றியது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை. எபிரேய மொழி பேசியவர்களுக்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை. முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் அதை ஒதுக்கிவிடவில்லை. எல்லாரையும் கூட்டி, நற்பெயர் பெற்ற ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து, கைகளை வைத்து வேண்டி, அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். முதல் மறைசாட்சியான ஸ்தேவான் அந்த ஏழு பேரில் ஒருவர். இரத்தம் சிந்துவதற்கு முன்பு பந்தி விசாரித்தவர் அவர். இதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

அதே நூலின் 11-ஆம் அதிகாரத்தில், கிளாதியு மன்னன் காலத்தில் பஞ்சம் வந்ததைப் படிக்கிறோம். அந்தியோக்கியாவில் இருந்த சீடர்கள் ஆளுக்குத் தங்கள் வசதிப்படி பணம் சேர்த்து, பர்னபா, பவுல் கையில் யூதேயாவுக்கு அனுப்பினார்கள். இன்று ஓர் ஊரில் வெள்ளம் என்றால் இன்னொரு மறைமாவட்டம் அரிசி மூட்டை அனுப்புகிறதே, அதன் தொடக்கம் அங்கேதான்.

ஆனால் கொரிந்து நகரில் நடந்தது வேறு. அங்கே ஆண்டவரின் விருந்துக்குக் கூடியபோது, வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு தங்கள் உணவை உண்டார்கள். வேலை முடித்துப் பிந்தி வந்த ஏழைகள் பட்டினியாக நின்றார்கள். ஒருவன் பசித்திருக்க, இன்னொருவன் குடிவெறியில் இருந்தான். பவுல் எழுதிய கண்டிப்பான வரிகளில் சில அந்தப் பந்தியைப் பற்றியவை. இல்லாதவரை வெட்கப்படச் செய்கிறீர்களே என்பதுதான் அவரது ஆத்திரம். இல்லாதவருக்குப் பசி ஒரு துன்பம், வெட்கம் இன்னொரு துன்பம். சோறு போட்டுப் பசியைத் தீர்த்துவிட்டு வெட்கத்தைக் கூட்டுகிறவர்களும் உண்டு என்பது பவுலுக்குத் தெரிந்திருந்தது.

இன்னும் முந்நூறு ஆண்டுகள் தள்ளி, இன்றைய துருக்கி நாட்டில் இருக்கும் செசரியா நகருக்கு வாருங்கள். கி.பி. 369-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே கொடிய வறட்சி. தானியம் வைத்திருந்தவர்கள் விலை ஏறட்டும் என்று களஞ்சியத்தைப் பூட்டி வைத்தார்கள். அப்போது பேசில் என்னும் குரு, இன்னும் ஆயராகாதவர், கோயிலில் நின்று பணக்காரர்களை நேருக்கு நேர் கடிந்துகொண்டார். களஞ்சியங்கள் திறந்தன. அதோடு நிற்கவில்லை. பருப்புக் கூழைப் பெரிய பாத்திரங்களில் காய்ச்சி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அவரே பரிமாறினார். யூதர்களின் பிள்ளைகளுக்கும் அதே கூழ், அதே அளவு கிடைத்ததாக அவருடைய தம்பி நீசா நகர் கிரகோரியார் எழுதி வைத்திருக்கிறார். நீ யார் என்ற கேள்வி அங்கே இல்லை.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம்.

நம் வீடுகளில் வயதானவர்கள் "தாது வருஷம்" என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். சோற்றைக் கீழே சிந்தும் பிள்ளையை அதட்டும்போது, "தாது வருஷத்துல இருந்திருந்தா தெரியும்" என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் அந்த ஆண்டைப் பார்த்தவர்கள் அல்ல. அவர்களுடைய தாத்தாவும் பாட்டியும் பார்த்தார்கள். 1876-இல் சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. அது 1876 முதல் 1878 வரை நீண்ட பெரும்பஞ்சமானது. தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பசியாலும், பசியோடு சேர்ந்து வந்த காலரா, அம்மை போன்ற நோய்களாலும் மாண்டார்கள். தாமிரபரணித் தண்ணீர் எட்டாத நம் வட்டாரம் வானத்தையும் குளத்தையும் நம்பிய வட்டாரம். கரிசல் காடும் செவக்காடும் மழை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் குடும்பம் குடும்பமாக இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம்.

அப்போது தானியமே இல்லையா? இருந்தது. 1876-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்தான் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. பஞ்ச காலத்திலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. விலை கொடுக்க முடிந்த இடத்துக்கு அது போனது. வாங்கக் காசில்லாதவன் ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே பட்டினி கிடந்தான். தானியம் இருப்பது வேறு, ஏழையின் கலயத்துக்கு வருவது வேறு. பஞ்சம் கற்றுத்தந்த முதல் பாடம் இது.

1877 ஜனவரி 1-ஆம் தேதி டெல்லியில் விக்டோரியா அரசியை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் மாபெரும் தர்பார் நடந்தது. விருந்துகள் நடந்தன. அதே மாதத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி சென்னைக்கு அனுப்பப்பட்டார். செலவைக் குறைப்பது அவர் வேலை. நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான கூலியும், மேற்கொண்டு ஓர் அணாவும் போதும் என்று வரையறுத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். மண் சுமக்கிற, கல் உடைக்கிற ஒருவனுக்கு நாள் முழுவதற்கும் அவ்வளவுதான். மாகாணத்தின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். முகாம்களில் சாவு கூடியது. சில மாதங்களில் கூலியை ஓரளவு உயர்த்த வேண்டிவந்தது.

ஏன் இவ்வளவு இறுக்கம்? சும்மா கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள், ஏமாற்றுவார்கள் என்ற பயம். ஆகவே பசித்தவனுக்குத் தேர்வு வைத்தார்கள். வீட்டிலிருந்து பத்து மைல் தொலைவுக்கு வந்து வேலை செய்யச் சம்மதித்தால்தான் அவனுக்கு உண்மையான பசி என்று பொருள். நடக்க முடியாதவன் நடந்து காட்ட வேண்டும் என்ற தேர்வு அது. உழைக்க இயலாதவர்களுக்குக் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. சென்னையில் இருக்கும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு இருக்கிறது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

எல்லாரும் அப்படி இருந்தார்கள் என்று சொன்னால் அநியாயம். 1877 ஆகஸ்டில் ஆளுநர் நிலைமையைச் சொல்லி உதவி கேட்டபோது, இலண்டன் மேயர் ஒரு நிதியைத் திறந்தார். இங்கிலாந்தின் சாதாரண மக்களும் கொடுத்து 6 லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. 1880-இல் பஞ்சக் குழு அறிக்கை தந்தது. அதன் பிறகு பஞ்ச காலத்தில் அரசு என்ன செய்ய வேண்டும் என்ற விதிகள் எழுதப்பட்டன. மக்கள் பட்டினியால் சாகாமல் பார்ப்பது ஆட்சியின் கடமை என்று தாளில் எழுதப்படுவதற்கு இத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது.

அந்தப் பஞ்சத்துக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, வடலூரில் ஓர் அடுப்பு பற்றவைக்கப்பட்டிருந்தது. 1867 மே 23-ஆம் தேதி வள்ளலார் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் பசி ஒன்றையே தகுதியாக வைத்தார். அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் பசித்தவனுக்கு உணவளித்தது எனக்கே செய்தது என்று தீர்ப்பு நாளில் சொல்லப்போகும் ஆண்டவர், அந்த அடுப்பைக் கணக்கில் வைத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறீர்களா?

நம் திருச்சபையின் கணக்கையும் இங்கே நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1838 முதல் பிரான்சு நாட்டு இயேசு சபைக் குருக்கள் இந்தப் பகுதிகளில் மீண்டும் பணி செய்தார்கள். ஆங்கிலிக்கன் சபையில் கால்டுவெல் ஆயர் இடையன்குடியை மையமாகக் கொண்டிருந்தார். பஞ்ச ஆண்டுகளில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் வேதத்தில் சேர்ந்தார்கள். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சு அன்று முதல் நம்மேல் விழுந்தது. அதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். பசித்த நேரத்தில் கை கொடுத்தவனை நம்பிப் போவது மனித இயல்பு. அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று ஆழ்ந்த விசுவாசிகள். அவர்களை ஏளனம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் கொடுப்பவனிடம் ஒரு கேள்வி உண்டு. கையில் கஞ்சியை வைத்துக்கொண்டு ஆன்மாவுக்கு விலை பேசினாயா? ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்தபோது, முதலில் உட்காரத்தான் வைத்தார். விசுவாசப் பிரமாணம் சொல்லச் சொல்லவில்லை. மறுநாள் அவர்களில் பலர் அவரை விட்டுப் போனார்கள். அது தெரிந்தும் முந்தின நாள் வயிறாரக் கொடுத்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே பீடத்தில் அப்பம் வாங்கியவர்கள் ஒரே பந்தியில் உட்காரவில்லை. நம் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயிலுக்கு இரண்டு சிறகுகள். இரண்டும் பீடத்தின் அருகே சேரும். ஒரு சாதிக்கு ஒரு சிறகு, மற்றவர்களுக்கு மற்றொன்று, நடுவில் சுவர். 1910-இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். அதை எதிர்த்தவர்கள் உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். கல்லால் கட்டிய சுவர் ஒரு நாளில் விழுந்தது. பந்தியில் கட்டிய சுவர் அவ்வளவு விரைவாக விழவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய கடிதம் நம் முகவரிக்கும் வந்திருக்கிறது, அன்பர்களே.

அந்தச் சுவரை இடித்த ஒரு பந்தி, கோயிலில் அல்ல, பள்ளிக்கூடத்தில் விரிக்கப்பட்டது.

1920-இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. இன்னும் சில பள்ளிகளுக்கும் விரிந்த அந்த ஏற்பாடு, சில ஆண்டுகளில் பணம் இல்லை என்று நின்றுபோனது.

பிறகு காமராசர் வந்தார். சேரன்மகாதேவிப் பக்கம் ரயில்வே கேட்டில் அவர் கார் நின்றபோது, ஆடுமாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்து ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்டாராம். பள்ளிக்கு வந்தால் சோறு யார் போடுவார் என்று ஒரு பையன் திருப்பிக் கேட்டானாம். நம் மாவட்டத்துப் பெரியவர்கள் பல விதமாகச் சொல்லும் கதை இது. கதை எப்படியோ, நடந்தது நிச்சயம். 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் தொடங்கி வைத்தார். கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்குத் தோள் கொடுத்தார். செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றது, மறுபங்கை ஊர் ஏற்றது. வீட்டுக்கு வீடு அரிசியும் பருப்பும் விறகும் வந்தன. ஏறத்தாழ பிடி அரிசித் திட்டத்தையே அரசுத் திட்டமாக்கியது போல.

1961-இலிருந்து கேர் நிறுவனத்தின் பால் பவுடரும் மற்ற உணவுப் பொருள்களும் பள்ளிகளுக்கு வந்தன. அதே காலத்தில் அமெரிக்காவின் உபரித் தானியம் கத்தோலிக்க நிவாரணப் பணியகம் வழியாக நம் பங்குகளுக்கும் வந்தது. வயதானவர்களுக்கு அந்தக் கோதுமை ரவையும் பால் பவுடரும் நினைவிருக்கும். கிணறு வெட்டினால், சாலை போட்டால் கூலியாகக் கோதுமை கிடைத்தது. பங்குத்தந்தையின் வீட்டுக்கு முன்னால் வரிசை நின்றது. பல உயிர்களைக் காத்த வரிசை அது. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றவர்களின் வரிசையும் அதுதான்.

1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இவ்வளவு பெரிய செலவு தாங்குமா என்று படித்தவர்கள் பலர் கேட்டார்கள். தாங்கியது. 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் அரசு தொடக்கப்பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழகம் அதற்கு முன்னோடியாக இருந்தது. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2024 ஜூலை 15-ஆம் தேதி, காமராசர் பிறந்த நாளில், அரசு உதவி பெறும் கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளுக்கும் அது வந்தது. அதன் தொடக்க விழா திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் பெயரைத் தாங்கிய நம் பள்ளியில் நடந்தது.

இந்தத் திட்டங்களின் பெருமை அரிசியின் எடையில் மட்டும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் உட்காரும் பிள்ளையிடம் யாரும், உன் அப்பாவுக்கு எவ்வளவு வருமானம், நீ எந்தத் தெரு என்று கேட்பதில்லை. பள்ளிக்கு வந்தாயா, உட்கார். அவ்வளவுதான். சில ஊர்களில், சமைக்கும் அம்மா எந்தச் சாதி என்று பார்த்துப் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோரும் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். அது நமக்கு வெட்கம். ஆனால் கோடிக்கணக்கான பிள்ளைகள் ஒரே அண்டாவில் வெந்த சோற்றைச் சேர்ந்து உண்டு வளர்ந்திருக்கிறார்கள். டெம்பிள் துரையின் பயமும் பொய்யானது. சும்மா சாப்பாடு போட்டதால் தமிழ்ப் பிள்ளைகள் சோம்பேறிகள் ஆகவில்லை. படித்து ஆளானார்கள்.

இனி, நம் கண்ணால் பார்த்த ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை உடைத்துப் பாய்ந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. ரயிலில் சுமார் 800 பேர். குழந்தைகள், முதியவர்கள், முருகன் கோயிலுக்கு வந்து திரும்பியவர்கள். சுற்றிலும் தண்ணீர். சாலை இல்லை.

பக்கத்தில் புதுக்குடி என்ற கிராமம். அந்த ஊரும் வெள்ளத்தால் துண்டிக்கப்பட்ட ஊர்தான். நாளைக்குத் தங்களுக்கே அரிசி எங்கிருந்து வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் வீடுகளில் இருந்த அரிசியைச் சேர்த்துக் கோயிலில் அடுப்பு மூட்டினார்கள். முகம் தெரியாத அந்தப் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் வந்து சேரும்வரை அந்தப் பயணிகளைத் தாங்கியது அந்த ஊர். பயணிகளிடம் அவர்கள் எதையும் கேட்கவில்லை.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஒரு சிறுவனின் நினைவு வந்தது. ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த சிறுவன். இவ்வளவு பேருக்கு இது எம்மாத்திரம் என்று அந்திரேயா கேட்டார். பெரியவர்களுக்குக் கணக்கு தெரியும். ஆனால் கையில் இருந்ததை யார் கொடுத்தது? சிறுவன் கொடுத்தான். புதுக்குடி கொடுத்தது.

வெள்ளத்தின் முதல் இரண்டு நாளும் இப்படித்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கடற்கரை ஊர்களில் கோயில் வளாகமும் பள்ளிக்கூடமும் திருமண மண்டபமும்தான் முதல் முகாம்கள். அரசின் லாரி வருவதற்கு முன்பு பக்கத்து ஊரின் அண்டா வந்தது. பேரிடரில் முதல் வேளைச் சோற்றைப் பக்கத்து வீடுதான் போட முடியும்.

இப்போது என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். திருவிழா அசனத்துக்கு வரி எழுதினார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. வரி கட்டிய வீட்டுக்கு டோக்கன். டோக்கன் கொடுத்தால் பந்தியில் இடம். ஒழுங்கு வேண்டும் என்று கமிட்டிப் பெரியவர்கள் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். அன்றைக்கு, பீடி சுற்றிப் பிழைத்த ஒரு கைம்பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்து வாசலில் நின்றார். அந்த வருடம் அவரால் வரி கட்ட முடியவில்லை. கதவருகே நின்ற இளைஞன் முரட்டுத்தனமாக ஒன்றும் சொல்லவில்லை. "டோக்கன் இருக்காக்கா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். அவர் ஒன்றும் பேசாமல் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். எனக்கு மாலையில்தான் தெரியும். நான் ஓடிப்போய் அவர் வீட்டில் நின்றேன். "பரவாயில்ல சாமி, வீட்ல கஞ்சி இருந்துச்சு" என்றார். அதன் பிறகு பல மாதம் அவர் பூசைக்கு வரவில்லை.

அன்று மிஞ்சிய சோறு இரண்டு அண்டா. அதை மறுநாள் குழிவெட்டிப் புதைத்தோம்.

அந்த இளைஞன் மேல் குற்றம் இல்லை. கேள்வியை எழுதிக் கொடுத்தது நாங்கள். டெம்பிள் துரை பத்து மைல் நடந்து வரச் சொன்னார். நாங்கள் ஒரு துண்டுச் சீட்டைக் கேட்டோம். வித்தியாசம் அளவில் மட்டும்தான்.

நேயர்களே, புளியங்குடியில் பசி இல்லை என்று நாம் நினைக்கலாம். ரேஷன் அரிசி இருக்கிறது. பள்ளியில் சாப்பாடு இருக்கிறது. உண்மை, அதற்காக நன்றி சொல்லுவோம். ஆனால் எலுமிச்சை மண்டியில் விலை விழுந்தால், தோட்டத்தில் காய் பறிக்கும் கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எத்தனை நேரம் எரியும்? பீடிக் கடையில் இலையும் தூளும் குறைந்தால், அந்த வாரம் என்ன? பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்க, தனியாக இருக்கும் தாத்தா பாட்டி ஒரு வேளை பொங்கி மூன்று வேளை சாப்பிடுவது நமக்குத் தெரியுமா? அவர்கள் யாரும் நம்மிடம் வந்து கேட்க மாட்டார்கள். அந்தக் கைம்பெண்ணைப் போல, கஞ்சி இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே மூன்று காரியம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, அசனத்துக்கு வரி வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிந்தவர் முடிந்ததைத் தரட்டும், அந்தியோக்கியாவில் செய்தது போல. ஆனால் பந்தியின் வாசலில் டோக்கன் வேண்டாம். எந்த மதத்தவர் வந்தாலும், வழியில் போகிறவர் வந்தாலும், உட்காருங்கள் என்ற ஒரு சொல் போதும். வாசலில் நிற்பவர் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா என்பதுதான்.

இரண்டு, நம் பாட்டிமார் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார்கள். அந்தப் பிடி அரிசிப் பானையை ஒவ்வொரு அன்பியத்திலும் மீண்டும் வைப்போம். வின்சென்ட் தே பவுல் சபையினர் அதை மாதம் ஒருமுறை சேகரிக்கட்டும். கொண்டுபோய்க் கொடுக்கும்போது பெயர் வாசிக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். இருட்டிய பிறகு போங்கள்.

மூன்று, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஒவ்வொரு அன்பியமும் தங்கள் தெருவில் தனியாக இருப்பவர் யார், நடக்க முடியாதவர் யார், கைக்குழந்தை உள்ள வீடு எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். கோயில் அண்டாக்கள் ஓட்டை இல்லாமல் இருக்கட்டும். சில மூட்டை அரிசி, பருப்பு, நனையாத விறகு, நல்ல தண்ணீர்த் தொட்டி ஆகியவை உயரமான இடத்தில் தயாராக இருக்கட்டும். பக்கத்துப் பள்ளிவாசலிலும் அம்மன் கோயிலிலும் இருக்கும் பெரியவர்களோடு இப்போதே பேசி வையுங்கள். வெள்ளம் வந்த பிறகு அறிமுகம் செய்துகொள்ள நேரம் இருக்காது.

நம் பக்கத்தில் வத்திராயிருப்பு அருகே அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், அண்ணி அடித்த கதவின் முன்னால் நின்றவள், கடைசியில் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்தவள் என்று நாட்டுப்புறக் கதை சொல்கிறது. நம் மக்கள் அந்தக் கதையை ஏன் இத்தனை தலைமுறையாக மறக்கவில்லை? அந்த வீட்டில் சோறு இருந்தது, கதவுதான் திறக்கவில்லை. அதை அவர்களால் மன்னிக்க முடியவில்லை.

திருப்பலியில் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும் ஆண்டவர், வரிசையில் வரும் யாரிடமும் சீட்டுக் கேட்பதில்லை. அந்தப் பீடத்திலிருந்து எழுந்து போகும் நாம், நம் வீட்டு வாசலிலும் நம் கோயில் பந்தியிலும் அவரைப் போலவே நடக்க வரம் கேட்போம். அன்றாட உணவைக் கேட்கும் செபத்தில் அவர் "எனக்கு" என்று சொல்லித்தரவில்லை, "எங்களுக்கு" என்றே சொல்லித்தந்தார். அந்த "எங்களுக்கு" என்ற சொல்லுக்குள் யார் யார் வருவார்கள் என்று இந்த வாரம் முழுவதும் யோசிப்போம்.

தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே. ஆமென்.